கூட்டத்துக்கு வராத வீடுகள்

வாசகர் கேள்வி – பதில்
(வன்னியில் சமூகசேவை உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: எங்கள் மாதர் சங்கத்துக்குச் சுழற்சிக் கடன், தையல் பயிற்சி, கோழிக்குஞ்சு என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. கூட்டம் வைத்தால் எல்லாருக்கும் அறிவிக்கிறோம். குளத்தடியில் இருக்கும் ஏழெட்டுக் குடும்பங்கள் மட்டும் எட்டியும் பார்ப்பதில்லை. "அவைக்கு அக்கறையில்லை" என்று மற்ற உறுப்பினர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம், அம்மா?
– சங்கச் செயலாளர், புதுக்குடியிருப்பு

பதில்: முதலில் அந்த "அக்கறையில்லை" என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதுவதை நிறுத்துங்கள், பிள்ளை. உத்தியோகம் பார்த்த காலம் முழுக்க அதைக் கேட்டுச் சலித்துவிட்டேன். உண்மையிலேயே அக்கறையில்லாமல் வீட்டில் இருந்தவர்களை நான் கண்டது அருமை.

எப்படி அறிவிக்கிறீர்கள்? வாட்ஸ்அப் குழுவிலா? அந்த வீடுகளில் யாரிடம் அந்தப் போன் இருக்கிறது? கூட்டம் எத்தனை மணிக்கு? காலை பத்து என்றால் அவர்கள் கச்சான் பிடுங்கவோ களை எடுக்கவோ போயிருப்பார்கள். வந்தால் அன்றைய கூலி போச்சு. கடனுக்கு இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும் என்று விதி வைத்திருந்தால், அவர்களுக்கு யார் பிணை நிற்பார்கள்? சந்தா கட்டவில்லை என்று யாருடைய பெயரையாவது வெட்டியிருக்கிறீர்களா என்று பதிவேட்டையும் ஒருக்கால் புரட்டிப் பாருங்கள்.

சரி, இதெல்லாம் ஒரு கூட்டத்தில் திருத்திவிடலாம். இதைவிடக் கனமானது ஒன்று இருக்கிறது. கூட்டத்தில் ஒரு தாள் சுற்றி வருமே: பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், ஒப்பம். உங்களுக்கு அது வரவுத்தாள். முன்னாள் போராளியாக இருந்து, அரசின் புனர்வாழ்வு முடித்து வந்த ஒரு பெண்ணுக்கு அது பயம். பெயர் பதிந்துகொண்டு போனவர்களுக்குப் பின்னால் வேறு ஆட்கள் படலையில் வந்து நின்று விசாரித்ததை அவள் மறந்திருக்க மாட்டாள். ஒரு பயிற்சி வகுப்பில் என் கண்முன் நடந்தது: தாள் தன் வரிசைக்கு வரப்போகிறது என்றதும் ஒரு பிள்ளை, குழந்தைக்குப் பால் கொடுக்கப் போவதுபோல எழும்பி வெளியே போனாள். குழந்தையோ தோளில் நல்ல நித்திரை. அடுத்த நாள் அவள் வரவில்லை. வருகையைக் குறிக்கப் பெயர் போதாதா? கடன் எடுக்கும்போது இலக்கத்தைக் கேட்டால் என்ன? "உதவி தருகிற நிறுவனம் கேட்குது" என்பீர்கள். கேட்கட்டும். ஏன் என்று நீங்களும் திருப்பிக் கேளுங்கள்.

அப்புறம், அந்தக் குடும்பங்கள் யார் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் விட்டதிலேயே எனக்குப் பாதி விளங்குகிறது. 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத் தோட்டங்களிலிருந்து வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளாக இருக்கலாம். வன்னியிலேயே பிறந்து, போரையும் முகாமையும் எங்களோடு சேர்ந்து அனுபவித்தவர்களை இன்னும் "தோட்டக்காட்டார்" என்று இளக்காரமாகச் சொல்கிற வாய்கள் எங்களிடையே உண்டு. சங்கத்துக்குள் அப்படி ஒரு வாய் இருந்தால், நீங்கள் வீடு வீடாகப் போய் அழைத்தாலும் ஒருவரும் வரமாட்டார்கள்.

அடுத்த கூட்டத்தை ஒரு ஞாயிறு பின்னேரம் குளத்தடியில், அவர்களில் ஒருவருடைய வளவிலேயே வையுங்கள். அவர்கள் தருகிற தேத்தண்ணியை எல்லாரும் குடியுங்கள். சிரிப்புக்கு எழுதவில்லை, அன்றைக்கு அவர்கள் கவனிக்கப்போவது அதைத்தான். நிர்வாகத்தைத் தெரிவு செய்யும்போது "ஓர் உறுப்பினர்" என்று மூலையில் ஒரு கதிரை கொடுத்துவிட்டு வராதீர்கள். அவர்களில் ஒருவர் பொருளாளராகட்டும். காசுப் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ, அந்த ஆளைக் கேளாமல் கூட்டம் வைக்க ஏலாது.

கேள்வி: கடைசிப் போரில் எனக்கு இரண்டு கால்களும் போய்விட்டன. நான் அடிக்கடி போகவேண்டிய ஓர் அலுவலகப் பிரிவு மேல்மாடியில் இருக்கிறது. காவலாளியும் இன்னொருவரும் என்னைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போவார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. முறைப்பாடு செய்தால் நன்றி கெட்டவன் என்பார்களோ?
– வாசகர், மாங்குளம்

பதில்: தூக்குகிறவர்களுக்கு நன்றி சொல்லுங்கள் தம்பி, அலுவலகத் தலைவருக்குக் கடிதம் எழுதுங்கள். இரண்டும் வேறு வேறு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உங்களைப் போன்ற மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கத்தான் வந்தது. அதன் கீழ் 2006இல் வந்த விதிகள், பழைய பொதுக் கட்டடங்களையும் திருத்தச் சொல்லித் தவணை கொடுத்தன. எந்தக் கணக்கில் பார்த்தாலும் அந்தத் தவணை முடிந்து கனகாலம்.

மின்தூக்கி கேட்டால் "நிதி இல்லை" என்று பதில் வரும். அதனால் இப்படிக் கேளுங்கள்: நான் வரும்போது அந்த உத்தியோகத்தர் கோப்போடு கீழே வரட்டும், கீழ்த்தளத்தில் ஒரு மேசை போதும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. கடிதத்தின் பிரதியை வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் போடுங்கள். சாய்தளம் கட்ட வந்தார்கள் என்றால் நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். எங்கள் பக்கத்தில் பல இடங்களில் கட்டியிருப்பது சைக்கிள் ஏற்றத்தான் உதவும். சக்கர நாற்காலி பின்னுக்கு உருண்டுவிடும்.

கேள்வி: 2009 மே மாதத்துக்குப் பிறகு கணவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எந்தப் படிவத்திலும் "மணமானவர்", "விதவை" என்றுதான் இருக்கிறது. விதவைக்கு நேரே புள்ளடி போடச் சொல்கிறார் உத்தியோகத்தர். எனக்குக் கை வருகுதில்லை, அம்மா.
– வாசகி, முள்ளியவளை

பதில்: போடாதீர்கள், பிள்ளை. பக்கத்தில் கையால் "கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்" என்று எழுதுங்கள். மரணச் சான்றிதழ் எடுத்தே தீரவேண்டும் என்று யாராவது சொன்னால், 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மரணப் பதிவுத் திருத்தச் சட்டத்தை நினைவூட்டுங்கள். ஆள் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலேயே, அவர் காணாமற்போனவர் என்று சான்றிதழ் எடுக்க அது வழி செய்கிறது. அதை எடுப்பதா விடுவதா என்பது உங்கள் முடிவு. வேண்டாம் என்று இருக்கிற தாய்மாரும் உண்டு. அவர்களிடமும் நியாயம் இருக்கிறது.

இதை வாசிக்கிற உத்தியோகத்தர்களுக்கு ஒன்று: இந்தக் கேள்வியை வரிசையில் நிற்கிற பத்துப் பேருக்குக் கேட்கும்படி கேட்காதீர்கள். எழும்பி ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்க இரண்டு நிமிடம் போதும்.

கேள்வி: இப்போது சாதி எங்கே இருக்கிறது? முகாமில் எல்லாரும் ஒரே வரிசையில்தானே சாப்பாட்டுக்கு நின்றோம்?
– வாசகர், வவுனியா

பதில்: நின்றோம். போரில் இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் ஒரே குழாயில் தண்ணீரும் பிடித்தோம். 2012 செப்டெம்பரில் அந்த முகாமை மூடினார்கள், ஊருக்குத் திரும்பினோம், பழையபடி அவரவர் கிணறு, அவரவர் கோயில். சாதியைக் காட்டிக் கோயிலிலோ தேத்தண்ணிக் கடையிலோ ஒருவரை மறிப்பது 1957இலிருந்தே குற்றம். ஆனால் இப்போது யார் வெளிப்படையாக மறிக்கிறார்கள்? உங்கள் ஊர்க் கோயிலின் திருவிழா உபயகாரர் பட்டியலை எடுத்து, ஊரில் எந்தத் தெருக்காரரின் பெயர் அதில் இல்லை என்று பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் கதைப்போம்.