பசியோடு படுப்பவரிடம் பீடியை விடச் சொல்லலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவர்களுக்கு நண்பர்களோடு சேர்ந்து இரவுச் சாப்பாடு கொடுத்து வருகிறேன். அங்கே ஒரு பெரியவர், மாம்பழக்கூழ் ஆலையில் மூட்டை தூக்கியவர். தினமும் இரண்டு கட்டு பீடி. இருமிக்கொண்டே "இதை விட்டுடணும் தம்பி" என்கிறார். "அவருக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அது, அதையும் பிடுங்காதே" என்கிறான் நண்பன். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, உங்கள் நண்பர் இரக்கப்பட்டுத்தான் சொல்கிறார். ஆனால் விட வேண்டும் என்று பெரியவரே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். வீடு வாசல் உள்ளவர் சொன்னால் டாக்டரிடம் போகச் சொல்வோம். இவருக்கு மட்டும் ஏன் "பாவம், இருக்கட்டும்"?

முதலில் இருமலைக் கவனியுங்கள். இரண்டு வாரம் தாண்டியிருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், இலவசம்தான். புகைப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம். நீங்களும் கூடப் போங்கள். தனியாக அனுப்பினால் வாசல்வரை போய்த் திரும்பிவிடுவார்.

பீடி பசியை அமர்த்தும். அதனால் விட்ட பிறகு பசி கூடும், எரிச்சல் வரும், தூக்கம் கெடும். முதல் சில நாள்தான் ரொம்பக் கஷ்டம். அந்த நாட்களில் இரவுச் சாப்பாடு மட்டும் போதாது. காலையிலும் ஏதாவது கொடுங்கள், மடியில் ஒரு கடலைப் பொட்டலம் இருக்கட்டும்.

டாக்டரைக் கேட்டு நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கித் தரலாம். அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. சுறுசுறுவென்று வந்ததும் கன்னத்தில் ஒதுக்கி, அது அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ ஆகாது, மருந்து சரியாக ஏறாது. பல் இல்லாதவர் என்றால் தோலில் ஒட்டும் பேட்ச் பற்றிக் கேளுங்கள். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்; புகையை நிறுத்தினால் சில மாத்திரைகளின் அளவைக் குறைக்க வேண்டிவரும்.

1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை சொல்வார்கள். அவரிடம் போன் இல்லாவிட்டால் உங்கள் போனில் பேச வையுங்கள்.

நடுவில் ஒருநாள் மறுபடி பற்றவைத்துவிடுவார். பலரும் நாலைந்து முறை முயன்ற பிறகே விடுகிறார்கள். அன்றைக்கும் முகம் சுளிக்காமல் சாப்பாட்டைக் கொடுங்கள். பீடியை விட்டால்தான் சோறு என்ற பேச்சே வேண்டாம்.

அப்புறம், பக்கத்தில் படுப்பவர் குளிருக்கு இதமாக ஒரு பீடி நீட்டுவார், அங்கே அதுதான் சிநேகம். அவரிடமும் பேசிப் பாருங்கள். அவருக்கும் விட ஆசை இருக்கலாம், இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.