வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கனடாவில் என் மகள் போகும் சர்ச்சில், ஆராதனைக்கு முன்பு ‘இது இன்ன பழங்குடியினரின் நிலம்’ என்று வாசிக்கிறார்களாம். சும்மா ஒப்புக்குத்தானே?
- வாசகி, தரங்கம்பாடி

பதில்: வாசிப்பதோடு நிறுத்தினால் ஒப்புக்குத்தான். உங்கள் ஊரில் 1706-ல் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழ் கற்று, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழிலேயே அச்சடித்தார். கனடாவிலோ, சபைகள் நடத்திய விடுதிப் பள்ளிகளில், வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோன பழங்குடிப் பிள்ளைகள் தாய்மொழி பேசினால் அடி விழுந்தது.

அப்படிப் பள்ளி நடத்திய சபைகளில் ஒன்றான கனடா ஐக்கிய சபை, தன் பண்பாட்டைத் திணித்ததற்காக 1986-லும் பள்ளிகளுக்காக 1998-லும் மன்னிப்புக் கேட்டது. முதல் மன்னிப்பைப் பழங்குடிப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள், ஆனால் ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று சொல்லவில்லை; அதன் நினைவாக சட்பரி நகரில் அடுக்கிய கற்குவியலையும் வேண்டுமென்றே முடிக்காமல் விட்டார்கள். எனக்கு அதுதான் நேர்மையாகப் படுகிறது.

சரி, உள்ளூர்ச் சபைகள் என்ன செய்கின்றன? அந்தப் பள்ளிகளில் நடந்ததை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையம் 2015-ல் வைத்த 94 கோரிக்கைகளைக் கூடி உட்கார்ந்து படிக்கிறார்கள். அப்புறம், தரையெல்லாம் போர்வை விரித்து, அதை அவர்களின் நிலமாகப் பாவித்து, அதன்மேல் பழங்குடியினராக நின்று, வரலாறு வாசிக்க வாசிக்கப் போர்வைகள் மடிக்கப்பட, கால் வைக்க இடமில்லாமல் நெருக்கியடித்து நிற்கும் ஒரு பயிற்சி உண்டு. மகளை ஒருமுறை அதில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.