வாசகர் கேள்வி: மறு ரெய்ஸுக்கு எந்தச் சீட்டு?

கேள்வி: பனியன் கம்பெனி நண்பர்கள் ஞாயிறுதோறும் பணமில்லாமல், சில்லுகளை மட்டும் வைத்துப் போக்கர் ஆடுகிறோம். ஒருவர் ரெய்ஸ் செய்த பிறகு (பந்தயத்தை உயர்த்திய பிறகு), என் கையின் இரண்டு சீட்டுகளாக ஏஸ்-ஜாக் வந்தால், ஃப்ளாப்புக்கு (மேசையில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகளுக்கு) முன்பே நான் மறு ரெய்ஸ் செய்கிறேன், அதாவது அதற்கு மேலும் உயர்த்துகிறேன். ஆனாலும் சில்லுகள் கரைகின்றன. என்ன தவறு?
- திருப்பூர் வாசகர்

பதில்: பணமில்லாமல் ஆடுவது நல்லது, பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது.

உங்கள் சீட்டு நல்லதுதான். ஆனால் எதிராளி எந்தச் சீட்டுகளோடு நிற்பார் என்பதை நீங்கள் பார்ப்பதில்லை. நிதானமாக ஆடுபவர், உங்கள் மறு ரெய்ஸைக் கண்டதும், ஏஸ்-பத்து போல உங்களிடம் தோற்கக்கூடியவற்றைக் கவிழ்த்துவிட்டு (அந்தச் சுற்றிலிருந்து விலகி), உங்களை வெல்லக்கூடிய ஏஸ்-கிங், பெரிய ஜோடிகள் ஆகியவற்றோடு மட்டுமே நிற்பார். அவருக்கு எதிராக ஏஸ்-ஜாக்கை வைத்துக் கால் செய்யலாம் (அவர் வைத்த அளவையே வைத்துத் தொடரலாம்), அல்லது கவிழ்த்துவிடலாம்.

மறு ரெய்ஸுக்கு முதலில் ஏஸ், கிங், குயின் ஜோடிகளும் ஏஸ்-கிங்கும் உரியவை. இவற்றோடு மட்டும் நின்றால் எல்லோரும் உங்களைப் படித்துவிடுவார்கள் என்பதால், ப்ளஃபுக்காக (வலுவான சீட்டு இருப்பதுபோல் காட்டி மற்றவரைக் கவிழ்க்க வைப்பதற்காக) ஒரே சின்னத்து ஏஸ்-ஐந்தை அவ்வப்போது சேருங்கள். காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்: நான்கு ஏஸ்களையும் மேசையில் விரித்து இரண்டிரண்டாகச் சேர்த்தால் 6 ஜோடிகள் வரும், ஆட்டின் (ஹார்ட்) ஏஸை உங்கள் கையில் எடுத்துக்கொண்டால் 3 ஜோடிகளே மிஞ்சும். ஏஸ்-கிங் சேர்க்கைகளும் 16-லிருந்து 12 ஆகின்றன. மேலே சொன்ன நான்கு வகைகளோடு மட்டுமே அவர் நிற்பார் என்றால், 34 சேர்க்கைகள் 27 ஆகச் சுருங்குகின்றன, அதாவது அவரிடம் வலுவான சீட்டு இருக்கும் வாய்ப்பு குறைகிறது. ஏஸ்-ஜாக்கிலும் ஏஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஆனால் அதற்குக் கால் செய்யும் மதிப்பு உண்டு, அதை ப்ளஃபில் வீணாக்கக் கூடாது. ஏஸ்-ஐந்தோ, அவர் திருப்பி ரெய்ஸ் செய்தால் வருத்தமின்றிக் கவிழ்க்கக்கூடியது. கால் செய்தாலும் ஃப்ளஷுக்கும் (ஒரே சின்னத்து ஐந்து சீட்டுகளுக்கும்) ஏஸ் முதல் ஐந்து வரையிலான வரிசைக்கும் வழி வைத்திருப்பது.

பிளைண்டுகள் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் சில்லுகள்) 50, 100 என்றும், அவர் 300 வைத்தார் என்றும் கொள்ளுங்கள். நீங்கள் 900 வைத்தால், 450-ஐ வெல்ல 900-ஐப் பணயம் வைக்கிறீர்கள். மூன்றுக்கு இரண்டு முறைக்கு மேல் எல்லோரும் கவிழ்த்தால், ஃப்ளாப் வராமலேயே லாபம்.

கேள்வி: எங்கள் மேசையில் ஒருவர் எந்த மறு ரெய்ஸுக்கும் கவிழ்ப்பதே இல்லையே?
- கோபிச்செட்டிபாளையம் வாசகர்

பதில்: அவரிடம் ப்ளஃபை அடியோடு விட்டுவிடுங்கள். ஏஸ்-குயின், ஜாக் ஜோடி, பத்து ஜோடி ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டு, 900-க்குப் பதிலாக 1,200 வையுங்கள். திருப்பூர் நண்பரின் ஏஸ்-ஜாக்கும் அவரிடம் லாபம் தரும். ஏனெனில் ஏஸ்-பத்தோடும் ஏஸ்-ஏழோடும் அவர் கால் செய்வார்.