லேசர் பிளாஸ்மாவின் படம் வெள்ளைத் திட்டாகவே வருகிறதே, அதிர்ச்சி அலையின் விளிம்பு தெரிய என்ன வழி?

கேமரா திறந்திருக்கும் மைக்ரோ வினாடிகள் முழுக்கப் பிளாஸ்மாவின் (லேசர் பட்டு உருவாகும் சூடான அயனி வாயுவின்) சொந்த ஒளி சேர்ந்துகொண்டே இருக்கிறது. அதுதான் படத்தைக் கெடுக்கிறது. இலக்குப் பொருளில் பிளாஸ்மாவை 1064 நானோமீட்டர் லேசரால் உருவாக்கி, படமெடுக்கும் வெளிச்சமாகப் பக்கவாட்டில் அதன் ஊடே 532 நானோமீட்டர் பல்ஸை (குறுகிய ஒளித்துடிப்பை) இணைகற்றையாக அனுப்புங்கள். 5 நானோ வினாடி பல்ஸில், நொடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் விரியும் விளிம்பு 50 மைக்ரான் மங்கும். அதைவிட நுணுக்கம் வேண்டுமென்றால் பைக்கோ வினாடி பல்ஸ்தான்.

பிளாஸ்மாவின் ஒளியைத் தடுக்க, கேமராவுக்கு முன் 532-க்கான 1 நானோமீட்டர் அகலப் பேண்ட்பாஸ் ஃபில்டர் (குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் விடும் வடிகட்டி) போடுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: 10 டிகிரி சாய்ந்தாலே அது கடத்தும் அலைநீளம் சுமார் 2 நானோமீட்டர் குறைந்து, உங்கள் லேசரையே தடுத்துவிடும்.

அடுத்தது ஷ்லீரன், அதாவது அடர்த்தி மாறும் இடத்தில் விலகும் ஒளியை மட்டும் காட்டும் முறை. 300 மில்லிமீட்டர் குவியத்தூர லென்ஸின் குவியத்தில், கண்ணாடித் தகட்டில் 0.2 மில்லிமீட்டர் கரும்புள்ளி வையுங்கள். விலகாத ஒளி அதில் நின்றுவிடும். 1 மில்லிரேடியன் விலகிய ஒளி 0.3 மில்லிமீட்டர் தள்ளி விழுந்து கேமராவை எட்டும். கருப்புப் பின்னணியில் அதிர்ச்சி அலை பளிச்சென்று தெரியும். பிளாஸ்மா இல்லாதபோதே பின்னணியைச் சரிபாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இருண்டால், புள்ளி குவியத்தில் இல்லை. அச்சின் வழியே முன்பின் நகர்த்துங்கள்.

இலக்கை ஒட்டிய பகுதி மட்டும் கருப்பாகவே இருக்கும். அங்கே விலகல் லென்ஸுக்கு எட்டாத அளவு அதிகம்.