எல்டிஎல் 98தான், ஸ்டேட்டின் எதற்கு?

58 வயதான உங்கள் தந்தையாருக்கு எல்டிஎல் (‘கெட்ட’ கொழுப்பு) 98 என வந்து, ஆய்வகத் தாளில் ‘இயல்பு’ என்று அச்சாகியிருந்தும் மருத்துவர் ஸ்டேட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை) எழுதியது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அதே தாளில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 9.6 என்றிருப்பதாக நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டதில்தான் விடை இருக்கிறது: அவருக்கு நீரிழிவு கட்டுக்குள் இல்லை.

எல்டிஎல் அளவு இரத்தத்தில் ஓடும் கொழுப்பை மட்டுமே சொல்கிறது; தமனிச் சுவருக்குள் மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல்களில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை அது காட்டுவதில்லை. சர்க்கரை நெடுநாள் கட்டுக்கடங்காமல் இருந்தால் எல்டிஎல் துகள்களில் குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டு, அவை எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. இப்படி உருமாறியவற்றை இந்தச் செல்கள் சிடி36 போன்ற ஏற்பிகள் வழியாக உள்ளிழுக்கின்றன, இயல்பான எல்டிஎல் ஏற்பியைப் போலன்றி, செல்லில் கொழுப்பு நிறைந்த பின்னும் இவை அடங்குவதில்லை. கொழுப்பை வெளியேற்றி எச்டிஎல்லிடம் (‘நல்ல’ கொழுப்பு) சேர்க்கும் ஏபிசிஏ1, ஏபிசிஜி1 புரதங்களோ நீரிழிவில் குறைந்துவிடுகின்றன. வரவு மிகுந்து செலவு சுருங்குவதால் செல் கொழுப்புத் துளிகளால் உப்பி நுரைச்செல்லாகிறது. தமனிப் படிவு அங்கேதான் தொடங்குகிறது.

2004இல் வெளியான கார்ட்ஸ் ஆய்வில், இதயநோய் வராத, எல்டிஎல்லும் அதிகம் உயராத இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளுக்கு 10 மி.கி. அடோர்வாஸ்டேட்டின் கொடுத்தபோது, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் 37 சதவீதம் குறைந்தன. ஸ்டேட்டின் சர்க்கரையைச் சற்றே ஏற்றக்கூடும், ஆனால் நன்மை அதைவிட மிகப் பெரிது. மாத்திரையைத் தொடரச் சொல்லுங்கள். எச்பிஏ1சியை இறக்கச் சர்க்கரை மருந்தை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவரிடம் விரைவில் கேளுங்கள்.