ஜன்னலில் ஒரு முத்தம்

வணக்கம் ஐயா,

உங்கள் பரிந்துரையை நம்பி பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாரின் ‘எலெனாவும் ஆண்களும்’ (1956) படத்தைப் பார்த்தேன். நிறங்கள் கண்ணைப் பறித்தன. எலெனாவாக வரும் இங்க்ரிட் பெர்க்மன் சிரித்தால் திரையே சிரிக்கிறது. ஆனால் ஒரு தளபதி ஆட்சியைப் பிடிக்கப்போகிறார் என்று படம் முழுக்க ஆசைகாட்டிவிட்டு, கடைசியில் அவரைக் காதலியுடன் மாறுவேடத்தில் அனுப்பிவைக்கிறார்கள். அரசியலைத் தொட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்ட படமாகவே எனக்குப் பட்டது. மிகையாகப் புகழ்ந்துவிட்டீர்களோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தளபதி தப்பி ஓடுவது ரெனுவாரின் கற்பனை என்று நினைத்துவிட்டீர்கள். படத்தில் வரும் அந்தத் தளபதி ரோலானுக்குப் பின்னால் நிஜமான ஒருவர் இருக்கிறார்: ஜெனரல் ஜார்ஜ் பூலான்ஜே. 1886இல் பிரான்ஸின் போர் அமைச்சர். அந்த ஆண்டு ஜூலை 14 அணிவகுப்பில் கருப்புக் குதிரையில் வந்தார். பாரீஸ் மயங்கிப்போய் அவர்மேல் பாட்டுக் கட்டியது. 1870இல் ஜெர்மானியரிடம் தோற்றதற்கு இவர் பழிதீர்ப்பார் என்றார்கள் தேசியவாதிகள். முதலில் தூக்கிவைத்து ஆடியவர்கள் தீவிரக் குடியரசுவாதிகள். பிறகு, மன்னராட்சி திரும்பவேண்டும் என்று விரும்பிய யூஸெஸ் சீமாட்டி சுமார் 30 லட்சம் ஃபிராங்க் கொட்டினார். ஆளுக்கொரு கனவை அந்த மனிதர் தலையில் ஏற்றினார்கள். அவருக்கென்று என்ன கனவு இருந்தது?

1889 ஜனவரி 27 அன்று பாரீஸ் இடைத்தேர்தலில் சுமார் 80,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மதலேன் சதுக்கத்தில் ஓர் உணவகத்தில் இருந்தார். வெளியே திரண்ட கூட்டம் அதிபர் மாளிகைக்குப் போகச் சொல்லிக் கத்தியது. நடந்தே போய்விடலாம். போகவில்லை. காதலி மார்கரீத் தெ பொன்மேனைப் பார்க்கப் போய்விட்டார் என்பார்கள். ஏப்ரலில் கைதுக்குப் பயந்து பிரஸ்ஸல்ஸுக்கு ஓடினார். 1891 ஜூலையில் அந்தப் பெண் காசநோயில் இறந்தார். செப்டம்பர் 30 அன்று அவர் கல்லறையில் பூலான்ஜே தன்னைச் சுட்டுக்கொண்டார்.

எலெனா, தான் நம்பும் ஆண்களுக்கு ராசிக்காக ஒரு டெய்சிப் பூ தருகிறாள் அல்லவா? டெய்சிக்கு பிரெஞ்சில் மார்கரீத் என்று பெயர். பூலான்ஜே ஆதரவாளர்களின் நிஜச் சின்னமோ சிவப்புக் கார்னேஷன். அதை விட்டு இந்தப் பூவை எடுத்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

நீங்கள் குறை சொன்ன இடத்துக்கு வருகிறேன். தளபதி ஜிப்சி வேடத்தில் நழுவும்போது, அவருக்குப் பதிலாக ஜன்னலில் நின்று எலெனாவை முத்தமிடுபவன், அவளை விரும்பும் ஆன்ரி. கீழே நிற்கும் கூட்டத்துக்கு ஆள் மாறியது தெரியவில்லை. தூரத்தில் ஓர் ஆண், ஒரு பெண், அவ்வளவு போதும். உடனே அவர்களும் பக்கத்திலிருப்பவரைக் கட்டிக்கொள்கிறார்கள். எதற்காகத் திரண்டு வந்தோம் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. கூட்டத்துக்கு யார் தலைவராக இருந்தாலும் ஒன்றுதான் என்பதை இவ்வளவு குரூரமாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே சொன்னதால் உங்களுக்கு லேசாகப் பட்டிருக்கிறது.

பழுதில்லாத படம் என்று நானும் சொல்லமாட்டேன். வேலைக்காரர்கள் ஒருவரையொருவர் துரத்தும் காட்சிகளில் இரைச்சல் அதிகம். அப்புறம் அந்த ஆன்ரி, அதாவது மெல் ஃபெரர். அவர்மேல் பெர்க்மனுக்குக் காதல் வருவதை நம்புவதற்கு மூன்று முறை படத்தைப் பார்த்து முயன்றிருக்கிறேன்.