மைட்டர் கேஜ் வாங்கும் முன் காடியை அளந்தீர்களா?

நீலகிரியிலிருந்து மரவேலை மெஷின் பற்றி வந்த கடிதங்கள் இந்த வாரம். சுருக்கித் தந்திருக்கிறேன். புதியவர்களுக்கு: டேபிள் சா என்பது மேஜையில் பிளேடு பொருத்திய அறுவை மெஷின். மைட்டர் கேஜ் பலகையை வேண்டிய கோணத்தில் பிடித்துத் தள்ளும் துணைக்கருவி. பலகையைத் தாங்கும் அதன் தலைக்கு அடியில் உள்ள பார் (நீளச் சட்டம்), மேஜையில் உள்ள காடி என்ற பள்ளத்தில் ஓடும்.

கேள்வி: சில்வர் ஓக்கில் போட்டோ ஃபிரேம் செய்து கோவைக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். 10 அங்குல டேபிள் சா. அதோடு வந்த மைட்டர் கேஜில் 45 டிகிரி வைத்து அறுத்தும் மூலை சேருவதில்லை. 6,000 ரூபாயில் ஒரு கேஜ் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? (கோத்தகிரி)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். மூலை எப்போது திறக்கிறது, எந்தப் பக்கம் திறக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பட்டறையில் ஒட்டும்போது நன்றாகச் சேர்ந்து, கோவைக்குப் போன பிறகு உள்மூலை வாய் திறந்தால் குறை மரத்தில் இருக்கிறது. ஈரம் காயும்போது ஃபிரேம் பட்டை அகலத்தில் சுருங்கும், நீளத்தில் அவ்வளவாகச் சுருங்காது. அதனால் நீங்கள் வெட்டிய 45 கெட்டுப்போகும். ஐப்பசி மழையில் அறுத்த சில்வர் ஓக்கைக் கோவை வெயிலுக்கு அனுப்பினால் இதுதான் நடக்கும். எந்த கேஜும் இதைத் தடுக்காது. மரத்தைக் காயவையுங்கள்.

ஒட்டும்போதே சேரவில்லை என்றால், முதலில் எதிரெதிர்ச் சட்டங்களைச் சேர்த்து வைத்து நீளம் பாருங்கள். நீளம் துளி மாறினாலும், கோணம் சரியாக இருந்தும் மூலை சேராது. கேஜின் முகத்தில் நேரான பலகை ஒன்றைத் திருகி, அதில் ஒரு கட்டையைக் கிளாம்ப் போட்டு ஸ்டாப்பராக வைத்துக்கொள்ளுங்கள். காசு செலவில்லை.

நீளமும் சரி என்றால், கேஜின் பாரைக் காடியில் இறக்கி, தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கைக்குத் தெரிந்தால் கோணம் வெட்டுக்கு வெட்டு மாறும். அரை டிகிரிதானே என்று விடாதீர்கள். ஒரு ஃபிரேமுக்கு எட்டு வெட்டு. எட்டிலும் ஒரே பக்கமாக அரை டிகிரி தவறினால் மொத்தம் 4 டிகிரி. 2 அங்குலப் பட்டையில் மூன்று மூலையை இறுக்கிச் சேர்த்தால் நாலாவது 5 மி.மீ. திறந்து நிற்கும். பாரின் பக்கவாட்டில் சென்டர் பஞ்ச் (குழி போடும் கூர்முனைக் கருவி) வைத்து நாலைந்து இடத்தில் தட்டுங்கள். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் உலோகம் லேசாக உப்பி ஆட்டத்தை அடைக்கும். அதிகமாக உப்பிவிட்டால் அரத்தால் ஒரு இழுப்பு. இதிலும் சரியாகவில்லை என்றால் புதியதை வாங்குங்கள். பாரின் அகலத்தைத் திருகிக் கூட்டும் வசதியும், 45-லும் 90-லும் அசையாமல் பூட்டி நிற்கும் முள்ளும் அதில் இருக்க வேண்டும்.

கேள்வி: கோணத்தை டிஜிட்டலில் காட்டும் கேஜ் நல்லதா? (கூடலூர்)

பதில்: வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல மூலைமட்டம் வாங்குங்கள்.

கேள்வி: ‘எல்லா டேபிள் சாவுக்கும் பொருந்தும்’ என்று ஆன்லைனில் போட்டிருந்த மைட்டர் கேஜும் ஃபென்ஸும் (பலகையை அணைத்துத் தள்ளும் பக்கச்சட்டம்) 3,400 ரூபாய்க்கு வாங்கினேன். பார் என் மெஷின் காடியில் இறங்கவே இல்லை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். நான் தச்சு வேலை செய்கிறேன்; தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது என்கிறார் நண்பர். (குன்னூர்)

பதில்: நண்பர் சொன்னது தவறு. சொந்தக் கையால் உழைத்துப் பிழைக்கிறவர் அந்தப் பிழைப்புக்காக வாங்கும் பொருளுக்கு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவரும் நுகர்வோர்தான். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. பெட்டியைப் பிரிக்காமல் பாரைக் காடியில் எப்படி இறக்கிப் பார்ப்பது? விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். காடியிலும் பாரிலும் வெர்னியர் (நுணுக்கமாக அளக்கும் கருவி) வைத்து, எண் தெரியும்படி படம் எடுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகாரைப் பதியுங்கள். நடக்கவில்லை என்றால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இந்த ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ வியாபாரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெரிய வார்ப்பிரும்பு மெஷின்களில் காடி பொதுவாக முக்கால் அங்குல அகலம், முக்கால் அங்குலத்தில் பாதி ஆழம். அதாவது 19 மி.மீ., 9.5 மி.மீ. சின்ன மெஷின்களில் இந்த அளவு பலவிதமாக மாறும். சிலவற்றில் காடி அடியில் அகலமாக டி வடிவில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. அப்படியிருக்க எல்லாவற்றுக்கும் பொருந்தும் பார் எங்கிருந்து வரும்? தலை என்ன நிறம், எத்தனை கோணத்தில் நிற்கும் என்றெல்லாம் எழுதுகிறார்கள். வாங்குபவருக்கு முதலில் வேண்டிய பாரின் அகலத்தை மட்டும் எழுதுவதில்லை. எழுதினால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன். பெட்டியில் 19 என்று அச்சடித்திருந்தது, வெர்னியரில் 18.3 காட்டியது. ‘டேப் ஒட்டிக்கோங்க சார், சரியாயிடும்’ என்றார் கடைக்காரர். காசு திரும்ப வரவில்லை. மாதம் முழுக்க உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்குகிற ஒரு தச்சரிடம் இதைச் செய்வது மோசடி. 3,400 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள், புகார் கொடுங்கள்.

கேள்வி: பழைய மெஷின் வாங்கினேன். பிளேடை மூடும் கார்டும் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடும் இடைஞ்சலாக இருந்ததால் கழற்றிவிட்டேன். பலகையை ஃபென்ஸில் அணைத்து, மைட்டர் கேஜால் தள்ளிக் குறுக்கே அறுக்கிறேன். துண்டு எகிறுகிறது. நல்ல ஃபென்ஸ் எது? (ஊட்டி)

பதில்: ஃபென்ஸ் வாங்காதீர்கள். கழற்றியதை முதலில் மாட்டுங்கள். அறுத்த வெட்டு மூடி பிளேடைக் கவ்வாமல் இருக்கத்தான் அந்தத் தகடு. அப்புறம், குறுக்கு வெட்டுக்கு ஃபென்ஸையும் கேஜையும் சேர்த்துப் பயன்படுத்தவே கூடாது. அறுந்த துண்டு பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே சிக்கிக் கோணும், பிளேடின் பின்பக்கப் பல் அதைத் தூக்கி உங்கள் மேல் எறியும். அளவுக்காக ஃபென்ஸ் வேண்டும் என்றால், பிளேடுக்கு நன்றாக முன்னாலேயே முடிந்துவிடும் ஒரு கட்டையை அதில் கிளாம்ப் போடுங்கள். பலகை அதைத் தொட்டு அளவு எடுத்து, விலகிய பிறகுதான் பிளேடைத் தொட வேண்டும். இவ்வளவு எகிறியும் மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களே, விரல் பத்திரம்.

கேள்வி: பனியில் மேஜையும் காடியும் துருப்பிடிக்கின்றன. கேஜ் நகர மறுக்கிறது. (மஞ்சூர்)

பதில்: நைஸ் உப்புத்தாளால் துருவை எடுத்து, பேஸ்ட் மெழுகு தேய்த்துத் துடையுங்கள். சிலிக்கான் ஸ்பிரே வேண்டாம். அது மரத்தில் ஒட்டினால் பாலிஷ் பிடிக்காது.

கேள்வி: தனியாக ஃபென்ஸ் வாங்கக் கோவை போகிறேன். கடையில் எதைப் பார்க்க வேண்டும்? (கோத்தகிரி)

பதில்: உங்கள் மேஜையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை அளவெடுத்துக்கொண்டு போங்கள். கடையில் ஏதாவது ஒரு மேஜையில் மாட்டச் சொல்லி, முன்பக்கம் பூட்டி, பின்முனையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நகர்ந்தால் வாங்காமல் வைத்துவிடுங்கள். பூட்டித் திறந்து மறுபடி பூட்டும்போது காடிக்கும் ஃபென்ஸுக்கும் உள்ள இடைவெளி முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டில் மாட்டும்போது காடியைப் பிளேடுக்கு நேராக்கிவிட்டு, அதற்குப் பிறகு ஃபென்ஸைக் காடிக்கு நேராக்குங்கள். பின்பக்கம் பிளேடை நோக்கித் துளியும் சாயக் கூடாது.